எல்லாரும் வந்தாச்சா

அந்தக் காட்சியில் எதுவுமே அசையவில்லை. ஆனால் ஃபைல் கனத்துக்கொண்டே போனது.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய அந்த அறையில் மத்தியானமும் ராத்திரி மாதிரிதான் இருக்கும். குளிர்சாதனத்தின் இரைச்சல், அதற்கு அடியில் கணினி விசிறியின் மெல்லிய முனகல், இரண்டுக்கும் மேலாகப் பக்கத்து அறையின் கதவிடுக்கு வழியே கசிந்து வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும் பழைய பிலிமின் புளித்த வாடை. இந்த மூன்றும் இத்தனை வருடத்தில் அவளுக்குச் சொந்த வீட்டுச் சத்தமும் வாசனையும் போலப் பழகியிருந்தன. பழகாதது, திரையின் அடியில் ஓடிய பச்சைக் கோடுதான்.

பழைய குடும்ப நகைச்சுவைப் படங்களைச் சுருளிலிருந்து ஸ்கேன் செய்து, சுருக்கி, கெட்டுப்போகாமல் பத்திரப்படுத்துவது அவர்கள் வேலை. அதில் சுருக்கும் பகுதி அவளுடையது. கணினி முதல் படத்தை முழுதாக எழுதிக்கொள்ளும். அடுத்ததில் மாறியதை மட்டும் எழுதும். மாறாததை எழுதாமல், போன படத்திலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்ளும். நாற்காலியில் ஒருவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால், நாம் திரையில் பார்ப்பது கொஞ்சம் முன்னால் உட்கார்ந்திருந்த ஆளைத்தான்.

இதை ஒருமுறை மகளுக்கு விளக்கியபோது, "அப்ப அந்த ஆளு நடுவுல எழுந்து போயிட்டா?" என்று அவள் கேட்டாள்.

"போனா தெரிஞ்சிடும்டி. போறதுதானே மாற்றம்."

"கம்ப்யூட்டர் பாக்கலன்னா?"

"அது பாக்காம இருக்காது. உன்ன மாதிரியா அது, புத்தகத்த விரிச்சு வெச்சுட்டு விட்டத்தப் பாக்க?"

மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. நான்காம் வகுப்பு. அப்பா வெளியூரில் வேலை பார்த்தார், மாதக் கடைசியில்தான் வருவார். பள்ளி வேன் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போன பிறகு, அம்மா வீடு வந்து சேரும்வரை, மாடி வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் தினமும் அம்மாவின் நெஞ்சில் ஒரு சிறிய கல்லாக உட்கார்ந்திருக்கும். வாலு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தத்தைப் போனில் கேட்டால்தான் அது கொஞ்சம் நகரும்.

பச்சைக் கோடு, கணினி எவ்வளவு எழுதுகிறது என்பதைக் காட்டுவது. ஆட்கள் ஓடினால், விழுந்தால், பாத்திரம் பறந்தால் மேலே ஏறும். வெறும் சுவரைக் காட்டினால் தரையோடு படுத்துவிடும். இந்தக் காட்சியில் ஒரு பெரிய வீட்டின் கூடம் மட்டும்தான் இருந்தது. ஆள் இல்லை. மாடிப்படி, ஒரு சாய்வு நாற்காலி, படிக்கட்டுக்கு அடியில் இருட்டான ஒரு வாசல். கோடு உச்சியில் நின்றது.

அவள் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்துவிட்டாள். கறுப்பு வெள்ளை. கூட்டுக் குடும்பம், கோபக்கார அப்பா. இருட்டியதும் அவர் கூடத்தில் வந்து நின்று, "எல்லாரும் வந்தாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பார். மாடியிலிருந்தும் சமையலறையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் "வந்தாச்சு", "வந்தாச்சு" என்று பதில் வரும். அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவார். ஆனால் சித்தப்பா ஊர்சுற்றி. அவருக்காகப் பிள்ளைகளில் ஒன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டைக் குரலில் "வந்தாச்சு" சொல்லிவிடும். சித்தப்பா பிறகு சுவரேறி வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுவார்.

வந்தேன் என்றால் நான். வந்தான் என்றால் அவன். வந்தது என்றால் அது. வந்தாச்சு என்றால் யார்? அந்தச் சொல்லில் ஆள் கிடையாது. படத்தின் மொத்தச் சிரிப்பும் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தது.

அவளும் வாலுவும் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தினமும் சாயங்காலம் வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பாள். "நானும் பல்லியும் வந்தாச்சு!" என்று மகள் கத்துவாள். பல்லி, கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருப்பது. அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லாமல் ஒரு நாளும் விட்டதில்லை.

படத்தை நாளைக் காலையில் ஒப்படைக்க வேண்டும். கோடு ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள அவள் அம்புக்குறிகளைப் போட்டுப் பார்த்தாள். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணினி ஓர் அம்பு வரைந்து காட்டும். நாற்காலியில் அம்பு இல்லை. படிக்கட்டில் இல்லை. எல்லா அம்புகளும் அந்த இருட்டு வாசலுக்குள் மொய்த்துக் கிடந்தன.

பழைய பிலிமில் மணல் தூவியது போலத் தெரியும் பொரிகளாக இருக்கும் என்று நினைத்தாள். இருட்டில் பொரி எப்போதும் துள்ளும். ஆனால் பொரியின் அம்புகள் கொட்டிவிட்ட ஊசிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். இவை அப்படிக் கிடக்கவில்லை. நடுவில் ஒரு புள்ளியிலிருந்து எல்லாம் வெளிப்பக்கமாக விரிந்து நின்றன, மேல் அம்பு மேலே, கீழ் அம்பு கீழே, பக்கத்து அம்புகள் பக்கவாட்டில். ஒன்று பெரிதாகும்போதுதான் அம்புகள் அப்படி நிற்கும்.

ஒன்று கிட்டே வரும்போது.

அவள் பக்கத்து அறைக்கு எழுந்து போனாள். அறுந்த பிலிமை ஒட்டிச் சரிசெய்பவர் அங்கே வெள்ளைக் கையுறையோடு குனிந்திருந்தார். எல்லோருக்கும் அவர் பசை அண்ணன். சம்பளம் வாங்கினால் கையில் ஒட்டாது, டீக்கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று தன் பெயரைத் தானே கிண்டல் செய்துகொள்வார்.

"அண்ணே, அந்தப் படிக்கட்டு வாசலுக்குள்ள யாராச்சும் நிக்கறாங்களா? உங்க சுருள்ல பாருங்களேன்."

"எந்த வாசல்?"

"கூடத்துல. மாடிப்படிக்குக் கீழ."

"அது வாசலே இல்லம்மா." அவர் நிமிராமலே சிரித்தார். "செட்டு போட்டப்போ எடுத்த போட்டோ ஒண்ணு டப்பாவுல கிடந்துது, பாத்தேன். வெறும் பலகை. கறுப்புப் பெயிண்ட் அடிச்சு வாசல் மாதிரி நிறுத்தியிருக்கான். அதுக்குள்ள நிக்கணும்னா ஆளு பெயிண்டாத்தான் இருக்கணும்."

"அசையுதுண்ணே."

"பெயிண்ட்டா?"

"விளையாடாதீங்க. எல்லா அம்பும் வெளிய பாத்து நிக்குது."

அவர் இப்போது நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அழுக்கா இருக்கும். கட்டம் போட்டுத் துடைச்சு விட்டுடு. என்ன, துடைச்ச குப்பை எங்க போவும்னுதான் தெரியல. எங்க வீட்ல பெருக்கினா கட்டிலுக்கு அடியில போவும்."

அவள் சிரிக்க முயன்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அறை முன்பைவிடக் குளிர்ந்திருந்தது.

படத்தில் அப்பா அப்படிக் குரல் கொடுக்கும் காட்சிகள் நான்கு. அவள் முறைப்படி நான்கையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதலாவதில் அம்புகள் வாசலின் நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தன. இரண்டாவதில் வாசலில் பாதி. மூன்றாவதில் நிலைப்படி வரைக்கும். நான்காவதில் ஓர் அம்பு, ஒன்றே ஒன்று, நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துத் தரையில் கிடந்தது. வெளிச்சம் விழும் தரை. அங்கே கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

நான்காவதில் அப்பாவுக்குப் பிள்ளைகளின் திருட்டுத்தனம் தெரிந்துவிடும். எல்லோரையும் படிக்கட்டில் வரிசையாக உட்காரவைத்து, அத்தையைக் காவல் நிறுத்தி, ஆளுக்கு ஆள் பக்கத்திலிருப்பவர் வாயைப் பொத்தச் சொல்வார். சித்தப்பா வெளியே ஜன்னலில் தொங்கிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியும். யாரும் பதில் சொல்ல முடியாது. "எல்லாரும் வந்தாச்சா?" என்று அப்பா வெற்றியோடு கேட்பார். மௌனம். ஜன்னல் கம்பி கழன்று சித்தப்பா தொட்டிக்குள் விழுவார்.

அந்த மௌனத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்குச் சற்று முன்னால், பழைய ஒலியின் கரகரப்புக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. குழந்தைக் குரலும் இல்லை, பெரியவர் குரலும் இல்லை. குரல் என்றால் என்னவென்று தெரியாத ஒன்று, கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்ட மாதிரி.

"வந்தாச்சு."

படத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே இடத்தில். தியேட்டரில் அந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கூரையைப் பிய்த்திருக்கும். இத்தனை வருடம் யாரும் அதைக் கேட்டிருக்க வழியில்லை. முதல்முறையாக ஓர் ஆள், தனியாக, காதை மூடிக்கொண்டு, சிரிக்காமல் கேட்டிருக்கிறாள்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். இது வேலை, இது ஒரு கோளாறு, கோளாறுக்கு ஒரு வழி உண்டு என்று தனக்குள் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டாள். வாசலைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தாள். நிலைப்படிக்கு வெளியே கிடந்த அந்த ஒற்றை அம்பையும் சேர்த்து வளைத்தாள். நான்கு காட்சிகளிலும். துடைக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தாள். திரையில் ஒரு நீலப் பட்டை மெதுவாக நகர ஆரம்பித்தது.

மணி பார்த்தாள். வேன் வந்திருக்கும் நேரம். வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டாள்.

மணி வெகுநேரம் அடித்தது. நீலப் பட்டை கடைசி வரை போய் நின்ற அதே கணத்தில் எடுத்தார்கள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றாள், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு.

கம்பியில் லேசான கரகரப்பு.

"வந்தாச்சு."

"பல்லி எங்கடி?"

பதில் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. காலையில் புது ஷூ கேட்டு அழுததற்குத் திட்டியிருந்தாள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை போல.

"சரி, கோவமாவே இரு. தாழ்ப்பாளப் போட்டுக்கோ. நான் கேக்கணும்."

டக் என்று தாழ்ப்பாள் விழுந்தது. வீட்டுத் தாழ்ப்பாள்தான், அந்தக் கடைசித் துருக் கிறீச்சோடு. நெஞ்சிலிருந்த கல் நகர்ந்தது. போனை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, துடைத்த காட்சியை ஓட்டினாள்.

பச்சைக் கோடு தரையோடு படுத்திருந்தது. வாசல் வெறும் கறுப்பு. ஓர் அம்பு இல்லை. பலகைதான், பெயிண்ட்தான். நான்காவது காட்சிக்குப் போனாள். பிள்ளைகள், அத்தை, அப்பா. "எல்லாரும் வந்தாச்சா?" மௌனம்.

மௌனம்.

தண்ணீர்ச் சத்தம்.

அவள் பின்னால் ஓட்டிக் கேட்டாள். சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள். அந்த இடத்தில் கரகரப்பு மட்டும்தான் இருந்தது. அவள் துடைத்தது படத்தை. ஒலியை அவள் தொடவே இல்லை.

குரல் அங்கே இல்லை.

போனை எடுத்தாள். எடுக்கும்போதே அது கையில் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. வேனில் ஏதாவது ஆனால் கூப்பிட என்று மகளின் பையில் போட்டுவைத்த பழைய கைபேசியிலிருந்து. திரையில் வாலுவின் முகம், நெற்றியில் ஒட்டிய முடி, தோளில் இன்னும் இறக்காத பை. பின்னால் மாடிப்படித் திருப்பத்துச் சுவர், மூடிய கதவு.

"அம்மா, நீ வீட்லயா இருக்க?"

"இல்ல கண்ணு. நீ எங்க இருக்க?"

"வாசல்ல. வேன் டயர் வெடிச்சிடுச்சு, இப்பதான் விட்டாங்க." மூச்சு வாங்கினாள். "கதவு தொறக்கவே மாட்டேங்குது. சாவி சுத்துது. உள்ள தாழ்ப்பா போட்டிருக்கு."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே உள்ள இருக்க? ஒளிஞ்சு விளையாடறியா? செருப்புச் சத்தம் கேக்குதே."

"வாலு. நான் சொல்றதக் கேளு. கீழ இறங்கு. கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட போ."

"அவங்கதான் ஊருக்குப் போயிட்டாங்களே."

"அப்ப தெருவுக்குப் போ. ஓடு. ஓடும்மா!"

"ஏன் கத்தற?"

"அண்ணே!" என்று அவள் அலறினாள். "வண்டிய எடுங்க! வீட்டுக்குப் போகணும்!" பக்கத்து அறையில் நாற்காலி உருண்டது. படிகளில் தடதடவென்று அவர் இறங்கும் சத்தம். அவளும் எழுந்து கதவுவரை ஓடினாள். அங்கே போனில் படம் நடுங்கி, கலங்கி, கட்டம் கட்டமாகச் சிதறியது. அறைக்கு வெளியே இருந்த நடையில் சிக்னல் எப்போதுமே கிடையாது. ஓர் அடி பின்வாங்கினாள். சிதறிய முகம் மறுபடி ஒன்றுகூடியது. அசைந்தால் போய்விடும். அசையாமல் நின்றாள்.

டக். கிறீச்.

போனுக்குள்ளிருந்து கேட்டது.

மகளின் தோளுக்குப் பின்னால் கதவு மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே விளக்கு இல்லை. நீள்சதுரமாக, அழுத்தமான கறுப்பு. பலகைக்கு அடித்த பெயிண்ட் மாதிரி.

"பாத்தியா!" வாலு சிரித்தபடி திரும்பினாள். "அம்மாதான்! போன்ல பேசிக்கிட்டே கதவத் தொறக்கற!"

"நான் இல்ல. வாலு, நான் இல்ல. நான் இங்க..."

படம் நின்றது.

பாதி திரும்பிய முகம். சிரிப்பின் தொடக்கம். ஒரு கண், காற்றில் நின்ற ஒரு பின்னல். அப்படியே. கீழே வண்டியின் ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. அவள் இமைக்கவில்லை. படம் மட்டும்தான் நின்றிருந்தது. சத்தம் வந்துகொண்டிருந்தது.

பை தரையில் வைக்கப்படும் சத்தம். ஷூவைக் கழற்றும் சத்தம், ஒன்று, பிறகு இன்னொன்று. சின்னக் காலடிகள், தூரமாக, உள்ளே.

தாழ்ப்பாள்.

பிறகு ஒரு குரல். கரகரப்பு இல்லாத, தெளிவான, நன்றாகப் பழகிவிட்ட குரல். அவளுடைய குரல், அம்மாவின் குரல்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"நானும் பல்லியும் வந்தாச்சு!"

திரையில் வாலு இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தாள். முகம் மாறவில்லை. மாறாததைக் கைபேசி திரும்ப எழுதவில்லை, போன படத்திலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னாலிருந்த கறுப்பு மட்டும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் துடித்தது, ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து, நிலைப்படியைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பின்னலின் நுனியைத் தொட்டு, அந்தச் சிரிப்பை நோக்கி.